சென்னைக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் யூட்டா மாநிலம் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது என்ற செய்தி வந்ததிலிருந்து உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு கட்சி. சென்னைப் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் அதிகம், மெட்ரோ தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கச் சொல்லிக் கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். அது விஷம், பேஸ்ட்டில் இருப்பதைக்கூட நிறுத்த வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

கலக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் விஷம் என்று சொல்லும் நண்பரின் காரணத்தையும் நான் ஏற்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளின் பேஸ்ட்டை மாற்றிவிடாதீர்கள். நான் பொது சுகாதாரப் பல் மருத்துவம் படித்தவன். முதலில் தருமபுரிப் பக்கம், பிறகு வட சென்னை என்று பள்ளிப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே என் காலம் போயிருக்கிறது. ஃபுளோரைடு கூடிப்போனால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்தில் ஃபுளோரைடு கூடிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னால், மேல் முன்பற்களில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகள் தெரியும். அடுத்த பிள்ளைக்கு அதே இடத்தில் மஞ்சள் பட்டை, அதற்கடுத்த பிள்ளைக்குக் காவி. இரண்டு முன்பற்களிலும் பட்டை ஒரே உயரத்தில் இருக்கும்; அந்த உயரத்தைப் பார்த்தே பிள்ளைக்கு எந்த வயதில் இந்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பல்லின் எனாமல் தாடைக்குள் உருவாகும்போதே ஏற்படும் குறை இது. பல் முளைத்த பிறகு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை. கரித்தூள், செங்கல் பொடி போட்டுத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பல்லோடு நின்றால் பரவாயில்லை. தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் தெரியத் தொடங்கும். 3 முதல் 6 மில்லிகிராம் வரையுள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, சம்மணம் போட்டு உட்கார முடியாது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முழங்கால் இரண்டும் உள்நோக்கி வளைந்துவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 1970-களில் நல்கொண்டா பக்கம் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள்.

இந்த நோயின் இந்திய வரலாறே நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் என்ற இந்த ஃபுளோரைடு நோய் இருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோய் மருத்துவ உலகத்தின் பார்வைக்கு வந்ததே அப்போதுதான். இப்போது அதே நெல்லூர் மாவட்டத்துக் கண்டலேறு அணையிலிருந்துதான் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா நீர் வருகிறது. பயப்பட வேண்டாம், அது ஆற்று நீர். நோய் தந்தது நிலத்தடி நீர். பாறையில் உள்ள ஃபுளோரைடு தாதுக்கள் கரைய நீண்ட காலம் வேண்டும். ஆழத்தில் தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்கு அந்தக் காலம் கிடைக்கிறது, ஓடுகிற ஆற்றுக்குக் கிடைப்பதில்லை.

அதனால்தான் தமிழ்நாடு அரசு செலவு செய்ததெல்லாம் ஃபுளோரைடைக் குறைக்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் உண்டு. 2008-இல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தோடு பெரிய சண்டையாகி, ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் முடித்து 2013-இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் வந்த ஊர்களில், அண்ணன் பல்லில் காவியும் அதற்குப் பிறகு பிறந்த தம்பி பல்லில் கறையே இல்லாத வெண்மையும் இருக்கும் வீடுகளை நான் பார்த்தேன். ஒரு பொதுப்பணித் திட்டத்தின் பலனை இவ்வளவு கண்கூடாகப் பார்ப்பது அபூர்வம். அந்தத் திட்டத்துக்கு உழைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, இதே ஃபுளோரைடை அமெரிக்காக்காரன் ஏன் காசு கொடுத்துக் கலந்தான்? அங்கேயும் கதை காவிப் பல்லில்தான் ஆரம்பிக்கிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1900-களின் தொடக்கத்தில் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் காவியைப் பார்த்தார். கூடவே அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். காரணம் ஃபுளோரைடு என்று 1931-இல்தான் தெரிந்தது. பிறகு டிரெண்ட்லி டீன் பல ஊர்களில் கணக்கெடுத்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் சொத்தை குறைகிறது, காவி பெரிதாக வருவதில்லை என்று கண்டார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் உலகத்திலேயே முதல்முறையாகக் குடிநீரில் ஃபுளோரைடு கலந்த நகரமானது. திட்டம் தொடங்கிய பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அது பொய்யில்லை. அந்தக் காலத்துக்கு அது மகத்தான காரியம்.

ஆனால் அந்தக் காலத்தில் ஃபுளோரைடு பேஸ்ட் கிடையாது. 1950-களின் நடுவில்தான் அது கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளிலிருந்து நமக்குப் புரிந்தது, ஃபுளோரைடு பெரும்பாலும் வேலை செய்வது பல்லின் மேற்பரப்பில் என்பது. நாம் சர்க்கரை சாப்பிட்டால் வாயிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும். அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும். எச்சில் அதைத் திருப்பி வைக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நடக்கும் இந்தப் போக்குவரத்தில் கொஞ்சம் ஃபுளோரைடு எச்சிலில் இருந்தால் திருப்பி வைப்பது வேகமாகவும் கெட்டியாகவும் நடக்கும். இதற்கு அதை விழுங்க வேண்டிய அவசியமில்லை, பல்லில் பட்டால் போதும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் படித்தால் வித்தியாசம் தெரியும். 1975-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், தண்ணீரில் கலப்பதால் ஒரு பிள்ளைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுக்குச் சொத்தை குறைகிறது. கால் பல் என்பது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு ஊருக்கே கூட்டிப் பார்த்தால் நிறைய வலி மிச்சம். கனடாவின் கால்கரி நகரம் 2011-இல் கலப்பதை நிறுத்தியது. பக்கத்து எட்மண்டன் நிறுத்தவில்லை. ஏழெட்டு ஆண்டு கழித்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது பால்பல் சொத்தை எட்மண்டனில் சுமார் 55 சதவீதம், கால்கரியில் சுமார் 65 சதவீதம். கால்கரி மக்கள் 2021-இல் வாக்கெடுப்பு நடத்தி மறுபடி கலக்கச் சொன்னார்கள், 2025-இல் தொடங்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் முதல் நண்பர் சொல்வதில் அர்த்தமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது நண்பரின் பக்கம் வருவோம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை தந்தது. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருப்பதற்குத் தொடர்பு உண்டு என்று ஓரளவு உறுதியுடன் சொன்னது. அமெரிக்காவில் கலக்கும் 0.7 மில்லிகிராம் அளவைப் பற்றி முடிவு சொல்லும் அளவுக்குத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொன்னது. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இதைக் கவனித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு உத்தரவிட்டார். 2025-இல் யூட்டா தடை செய்தது, அடுத்து புளோரிடா. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் 1.5 என்ற எண்ணை வெட்டிவிட்டு மீதியைத்தான் அனுப்புகிறார்கள். எல்லாம் அளவில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அளவைச் சொல்லாமல் பேசுகிற யாரையும் நம்பாதீர்கள், அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டவராக இருந்தாலும்.

இனி சென்னைக்கு வருகிறேன். நான் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

கிராண்ட் ராபிட்ஸ் மாதிரி ஊரில் வீட்டுக்கு வருவது ஒரே தண்ணீர்; குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன அளவு கலந்தார்களோ அதுதான் பிள்ளையின் டம்ளரில் இருக்கும். சென்னையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரி நீர், வீராணம் நீர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவது எல்லாம் குழாயில் வருகிறது. கடலில் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு, ஆனால் சவ்வு வழியாக வடிகட்டி வரும்போது கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். எந்தப் பகுதிக்கு எந்தத் தண்ணீர் என்பது ஏரி மட்டத்தைப் பொறுத்துப் பருவத்துக்குப் பருவம் மாறும். அது சம்ப்பில் விழுந்ததும் பல வீடுகளில் போர் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. கோடையில் லாரித் தண்ணீரும் அதே சம்ப்பில்தான். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் குழாய் வராத தெருக்கள் இன்னும் உண்டு; பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் லாரி நிற்காத நாளே இல்லை. இவ்வளவும் கடந்து வருகிற தண்ணீரைத்தான் வீட்டு ஆர்ஓ எந்திரம் வடிகட்டி, பெரும்பகுதி ஃபுளோரைடை எடுத்துச் சாக்கடையில் விடுகிறது. ஆர்ஓ இல்லாத வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர், அதுவும் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெட்ரோ வாரியம் ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் விநியோகிப்பதாகவும், அதில் ஃபுளோரைடை லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் கூட்டுவதாகவும் வைத்துக்கொண்டால், தினமும் 400 கிலோ ஃபுளோரைடு கலக்க வேண்டும். ஓர் ஆளுக்கு வரும் 100 லிட்டரில் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து லிட்டர் போனால், 380 கிலோ குளியலிலும் துணியிலும் கழிப்பறையிலும் போகும். மிச்ச 20 கிலோவிலும் கேன் வாங்குகிற, ஆர்ஓ வைத்திருக்கிற வீடுகளின் பங்கு பிள்ளைகளைச் சேராது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிற, தெருக் குழாயில் குடம் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முழு அளவும் போகும். அவர்களுக்கு அது போய்ச் சேருவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதே வீடுகளில்தான் குழாயில் வராத நாட்களில் அடிபம்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அந்த வீட்டுக்குச் சொன்னதில்லை. இரண்டும் கூடினால் எவ்வளவு?

வெயிலை மறந்துவிடக் கூடாது. உஷ்ணம் கூடக் கூடப் பிள்ளைகள் அதிகம் குடிப்பார்கள் என்பதால் ஊரின் சராசரி அதிகபட்ச வெப்பநிலையை வைத்து அளவைக் கணக்கிட கலகன், வெர்மிலியன் இருவரும் 1957-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். சென்னைக்குச் சுமார் 33 டிகிரி செல்சியஸ் என்று போட்டால் விடை 0.64 மில்லிகிராம் வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது பயன் தரும் அளவுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நம் ஊரில் மிகவும் குறுகலானது. அதோடு தேயிலை தன்னளவிலேயே ஃபுளோரைடை இழுத்து வைத்துக்கொள்ளும் செடி. நாளைக்கு நாலு டீ குடிக்கிறவருக்கு அதிலும் ஒரு பங்கு போகிறது. இவ்வளவு குறுகலான இடைவெளியில் எந்திரம் பிசகாமல் ஓட வேண்டும். அலாஸ்காவின் ஹூப்பர் பே என்ற சிற்றூரில் 1992-இல் கலக்கும் எந்திரம் கோளாறாகி, நூற்றுக்கணக்கானோர் வாந்தி வயிற்றுவலியால் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். குளோரின் கடைசித் தெரு வரை போய்ச் சேருகிறதா என்பதையே தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஊரில் இன்னொரு ரசாயனத்தின் பொறுப்பையும் ஏற்ற நான் கை தூக்க மாட்டேன்.

சம்மதம் பற்றியும் பேச வேண்டும். குளோரின் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடுவது. ஃபுளோரைடு குடிக்கிறவரின் உடம்புக்காகப் போடுவது. இரண்டும் ஒன்றல்ல. நெதர்லாந்தில் 1973-இல் உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் நாற்பது ஆண்டு கலந்துவிட்டு 2003-இல் நிறுத்தியது, அங்கே ஃபுளோரைடு உப்பு தனியாகக் கடையில் கிடைக்கிறது, வேண்டியவர் வாங்கலாம். அந்த ஊர்களில் யாரும் பல்லைக் கைவிடவில்லை, வழியை மாற்றினார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகளின் சொத்தைக்கு என்ன வழி? புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் அங்கன்வாடியில் நான்கு வயதுப் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் முன்பல் நான்கும் கறுத்துக் கட்டையாகி இருக்கும், கீழ் முன்பற்கள் அப்படியே முத்துப்போல இருக்கும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கிய பிள்ளை அது. உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், சர்க்கரை போட்ட பால் மேல் பல்லில் இரவெல்லாம் நிற்கும். தண்ணீரில் எவ்வளவு ஃபுளோரைடு கலந்தாலும் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது. அந்த அம்மாவைக் குறை சொல்லவும் மாட்டேன். வேலைக்குப் போய் வந்து பிள்ளை தூங்கினால் போதும் என்றிருக்கிறவருக்கு யார் இதைச் சொன்னார்கள்? தடுப்பூசி போட வரும்போது செவிலியர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பல் பிழைக்கும்.

மீதிப் பாதியை ஃபுளோரைடு பேஸ்ட் காப்பாற்றும். முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். பெரியவர் பக்கத்தில் நின்று தேய்த்துவிட வேண்டும், துப்ப வேண்டும், துப்பிய பிறகு டம்ளர் டம்ளராகக் கொப்பளித்து அத்தனையையும் வெளியேற்றிவிடக் கூடாது. இரவில் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் போகக் கூடாது. டியூபின் பின்புறத்தைப் படியுங்கள்: இந்தியாவில் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) மேல் போகக் கூடாது, எவ்வளவு இருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பது விதி. பல மூலிகைப் பேஸ்ட்டுகளிலும் பல்பொடிகளிலும் அது இருப்பதில்லை. பணம் கொடுத்து நல்லது என்று வாங்கி, சொத்தைக்கு எதிரான ஒரே முக்கியமான பொருளை விட்டுவிடுகிறார்கள்.

போர் தண்ணீரை மட்டும் நம்பி இருக்கிற வீடானால் முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்ட பிறகு பிடித்து, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஃபுளோரைடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். டிடிஎஸ் மீட்டரில் இது தெரியாது, ருசியிலும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் சற்றுக் கூடவே செய்யும். யுவி (புற ஊதாக் கதிர்) எந்திரமும் கேண்டில் ஃபில்டரும் எடுக்காது. அளவு 1.5-க்கு மேல் வந்தால் குடிக்க வேறு தண்ணீருக்கு மாறுங்கள், பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே பல்லில் காவி வந்த பிள்ளையைப் பாரிமுனை அருகேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். முன்பல்லைச் சரிசெய்ய இன்று வழிகள் இருக்கின்றன.

மனு கொடுப்பதை விட்டுவிட வேண்டாம், வாசகத்தை மாற்றுங்கள். தண்ணீரில் எதைக் கலப்பது என்பதை மாநகராட்சி மன்றம் தானாக முடிவு செய்ய முடியாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியம் மாநில அரசின் கீழ் இருக்கிறது. ஆனால் உங்கள் கவுன்சிலர் மன்றத்தில் கேட்கக்கூடியவை உண்டு. வார்டில் உள்ள அடிபம்புகள், பொது போர்கள், தண்ணீர் லாரி நிரப்பும் இடங்கள் ஆகியவற்றின் ஃபுளோரைடு அளவை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதித்து வார்டு அலுவலகப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். மாநகராட்சிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகள் ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல் தேய்க்க ஏற்பாடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் வந்து கடைவாய்ப் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது ஆகிய இரண்டையும் கேளுங்கள். பூசுவது ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிட வேலை. ஆறாம் வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல், அதனால் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.